கைப்பிடிக் கலயம்

கூத்தாநல்லூர்
6-2-1989

உபதேசியார் ஜெக்கரியா அவர்களுக்கு, ஞானாதிக்கம் சொல்ல, கடைக்கார நெய்னா முகம்மது பாய் எழுதுவது.

நீங்கள் கேட்ட அடைப்பு வருஷம் இதுதான். மெட்ராஸ் என்கிற பேரை எடுத்துவிட்டுத் தமிழ்நாடு என்று வைத்த வருஷம். வெண்மணியில் சனங்களைக் குடிசையோடு கொளுத்தி மூன்று வாரம்கூட முழுசாக ஆகவில்லை. தை முதல் தேதி எங்கள் தெருவுக்கு அடைப்பு விழுந்தது. இருபத்தோராம் நாள் அண்ணாத்துரை செத்துப்போனார். டீக்கடை ரேடியோ அழுதது எங்கள் தெருவரைக்கும் கேட்டது. டீக்கடைக்குள் போகத்தான் எங்களுக்கு வழி இல்லை. அதே வருஷம் ஆடியில் சந்திரனில் மனிதன் இறங்கினான். போதுமா? இன்னும் அடையாளம் வேண்டுமானாலும் சொல்வேன். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒன்றும் மறக்காது.

இருபது வருஷத்தில் உங்களிடமிருந்து வந்த முதல் கடிதம் இது. நம் சபைக்கு நூறு வருஷமாம், மலர் போடுகிறார்களாம், அடைப்புக் காலத்துச் சாட்சியை எழுதித் தரும்படி பாதிரி ஐயர் உங்களைக் கேட்டாராம். நீங்களும் எழுதிவிட்டீர்கள். அதன் கீழே நான் கைநாட்டு வைக்க வேண்டும், அப்போது இருந்த ஏழு வீட்டார் பேரும் சொல்ல வேண்டும்.

நீங்கள் எழுதியதை பாய் படித்தார். "கர்த்தர் நல்லவராகையால் நாற்பத்தொரு நாளும் சபையார் ஒரு குறையுமில்லாமல் காக்கப்பட்டனர்." இதை மூன்று தரம் படிக்கச் சொன்னேன். மூன்று தரமும் அதேதான் இருந்தது. அதற்கு அடுத்த வரியில், என் மகள் தவமணி கர்த்தருக்குள் நித்திரை அடைந்தாள் என்று இருக்கிறது. ஒரு குறையுமில்லாமல் நித்திரை அடைந்தாளா, உபதேசியாரே? அவளுக்கு ஐந்து வயசு.

கைப்பிடி அரிசி என்றால் என்ன என்று பாய் கேட்கிறார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதச் சொல்கிறேன், நீங்கள் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போது, அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து ஒரு கலயத்தில் போடுவார்கள். அது கர்த்தருடையது. மாதம் பிறந்ததும் உபதேசியார் வந்து வாங்கிப்போவார். அதைத் தொடக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள்.

அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டோம் என்று பண்ணை எங்களை அடைத்தார். வயலில் கால் வைக்கக்கூடாது. குளத்தில் தண்ணீர் மொள்ளக்கூடாது. கடையில் உப்புகூடக் கொடுக்கக்கூடாது. விவசாயச் சங்கத்தார் கொண்டுவந்து கொடுத்த நொய்யைக் காய்ச்சிக் குடித்தோம். அந்த நொய்யிலும் என் பெண்சாதி சாராள் கைப்பிடி எடுத்தாள். "இதுலயுமாடி?" என்றேன். "பெரிய கையால எடுத்தாத்தான குறையும்? புள்ள போடட்டும். இந்த மாசத்துக்கு அவரு சின்னக் கைய ஏத்துக்குவாரு" என்றாள். நாற்பத்தொரு நாளில் இருபது நாளுக்கு மேல் கலயத்தில் போட்டது தவமணி கை. அவளுக்கு அது விளையாட்டு. போட்டுவிட்டுக் கையை நக்கிக்கொள்வாள்.

வாய்க்கால் குட்டைத் தண்ணீரில் அவளுக்குப் பேதி கண்டது. சாதம் வேண்டும் என்றாள். நொய் தீர்ந்திருந்தது. நான் கலயத்தை எடுத்தேன். சாராள் அதன் வாயில் கையை வைத்து மூடினாள். "அது அவரோடது" என்றாள். நான் வைத்துவிட்டேன். பொண்டாட்டி கையை விலக்கத் தெரியாதவனா நான்? ஆனாலும் வைத்துவிட்டேன். முப்பத்துமூன்றாம் நாள், சனிக்கிழமை, பிள்ளை போய்விட்டது. லெந்து நோன்பு பிறக்க இன்னும் நாலு நாள் இருந்தது. எங்கள் தெருவுக்கு அது பொங்கலன்றே பிறந்துவிட்டது.

இதற்குக் கைநாட்டு வைக்க மாட்டேன்.

ஞானாதிக்கம்


பூதலூர்
15-2-1989

கர்த்தருக்குள் அன்பான ஞானாதிக்கம் அண்ணனுக்கு, ஜெக்கரியா எழுதும் கடிதம். ஸ்தோத்திரம்.

இன்று பதினைந்தாம் தேதி. எதற்காக இன்று எழுத உட்கார்ந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். தவமணி போன தேதியை நானும் மறந்ததில்லை.

எனக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. எழுத்து மேலும் கீழுமாகப் போகும், பாய் பொறுத்துப் படிக்க வேண்டும். மகள் வீட்டில்தான் இருக்கிறேன், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். ரயில் போகும்போதெல்லாம் மேசை ஆடும்.

நீங்கள் சொன்ன வரி தவறுதான். ஆனால் மலர் என்றால் அப்படித்தான் எழுதுகிறார்கள், அண்ணன். மற்ற சபைகளின் மலர்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சபையார் காக்கப்பட்டார்கள். ஒருவரும் செத்ததாக எழுதவில்லை. படிக்கிறவர்களுக்கு விசுவாசம் பலப்பட வேண்டுமென்று நினைத்து எழுதினேன். வேண்டுமானால் "பல குறைகளுக்கு நடுவிலும்" என்று மாற்றிவிடுகிறேன். அதற்குக் கைநாட்டு வைப்பீர்களா?

ஒன்று கேட்கலாமா? என் மேல் உங்களுக்குள்ள கோபம் பிள்ளையினாலா, அரிசியினாலா? இருபது வருஷமாக எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு வாய்க்கால் கரையில் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அடுத்த வாரமே ஊரைவிட்டு வரவேண்டியதாகிவிட்டது. அதன் பிறகு நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சாராள் அக்காள் இறந்ததை மூன்று மாதம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கர்த்தர் உங்களைத் தேற்றுவாராக என்று எழுத வந்தேன். நீங்கள் இதைக் கேட்டு என்ன சொல்வீர்கள் என்று தெரிந்ததால் அடித்துவிட்டேன். அடித்தது தெரியும்படிதான் இருக்கும்.

ஜெக்கரியா


கூத்தாநல்லூர்
24-2-1989

உபதேசியாருக்கு ஞானாதிக்கம் எழுதச் சொல்வது.

பல குறைகளுக்கு நடுவிலும் என்றால் என்ன அர்த்தம்? இட்டிலியில் உப்பு குறைந்தால் அதுவும் குறைதான். என் வீட்டில் குறைந்தது அது இல்லை.

பிள்ளையினாலா, அரிசியினாலா என்று கேட்டீர்கள். பிள்ளைக்காக நான் கோபப்படுவது உங்கள் மேல் இல்லை. அந்தச் சண்டை மேலே இருக்கிறவரோடு. அதில் நீங்கள் நடுவே வரவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன், கடைசி வரிசையில் உட்கார்ந்து சண்டை போடுகிறேன், வருகிறேன். ஐயர் பிரசங்கத்தில் கர்த்தர் நல்லவர் என்பார். எல்லாரும் ஆமென் என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். இருபது வருஷமாக அந்த ஒரு ஆமென் எனக்கு வரவில்லை. வந்துவிட வேண்டும் என்றுதான் போகிறேன். இல்லாவிட்டால் எதற்குப் போகிறேன்?

உங்கள் மேல் கோபம் அரிசியினால்தான். பிள்ளையைப் புதைத்தது ஞாயிறு. திங்கட்கிழமை உச்சியில் நீங்கள் தலையில் சாக்கோடு வாய்க்கால் கரையில் போனீர்கள். கரை போகிற இடம் பண்ணையின் களத்துக் கொட்டகை ஒன்றுதான். நான் எதிரே வந்தேன்.

"எங்க போறீங்க உபதேசியாரே?"

"கோயில் காரியமா."

"கோயில் இந்தப் பக்கமா இருக்கு?"

நீங்கள் நிற்கவில்லை. சாக்கில் ஒரு ஓட்டை. சொட்டுச் சொட்டாக நொய் கொட்டிக்கொண்டு போனது. நான் குனிந்து பார்த்தேன். பண்ணை வீட்டில் நொய் தின்ன மாட்டார்கள். அது எங்கள் ஏழு வீட்டுக் கலயத்து நொய். மாதம் பிறக்கவில்லை, நீங்கள் வாங்குகிற வேளையும் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு எங்களை அடைத்தவன் கொட்டகைக்குப் போகிறீர்கள்.

தெருவில் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். நம் சபை வீரையன் உங்கள் வீட்டு முன் நின்று காறித் துப்பினான். நீங்கள் ஊரைவிட்டுப் போனபோது ஒரு பொம்பளையையும் கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். அதை நான் நம்பவில்லை. அரிசியை நம்பினேன், என் கண்ணால் பார்த்ததால்.

கைநாட்டு வேண்டுமென்றால் ஒன்று சொல்லுங்கள். என் மகள் வாயில் போகாத அரிசி யார் வாயில் போனது? வசனம் வேண்டாம். நேராகச் சொல்லுங்கள்.

பாய் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதுங்க பாய் என்கிறேன்.

ஞானாதிக்கம்


பூதலூர்
7-3-1989

அன்புள்ள அண்ணனுக்கு,

நேராகக் கேட்டீர்கள். நேராகச் சொல்கிறேன். ஒருவருக்குக் கொடுத்த வாக்கை இதனால் மீறுகிறேன். அவர் இப்போது இல்லை, மன்னிப்பார் என்று நம்புகிறேன்.

பண்ணை மேற்கேயிருந்து அறுப்புக்கு ஆள் இறக்கியிருந்தது உங்களுக்குத் தெரியும். அவர்களைக் கொட்டகையில் வைத்து வெளியே தாழ் போட்டிருந்தார்கள். வெளியே வந்தால் சங்கத்தார் வெட்டிவிடுவார்கள் என்று பயம் காட்டியிருந்தார்கள். அறுக்கிற கைக்குத்தான் கஞ்சி என்பது அங்கே சட்டம். அதில் ராமாயி என்று ஒருத்தி. காய்ச்சல் கண்டு அறுக்க முடியவில்லை, அதனால் கஞ்சியும் இல்லை. புருஷன் பாதி அறுப்பிலேயே ஓடிவிட்டான். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, மூன்று வயசுக்குள் இருக்கும்.

இதை எனக்கு வந்து சொன்னது சாராள் அக்காள்தான். வாய்க்கால் குட்டைக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது கொட்டகைத் தட்டி இடுக்கில் அந்தக் குழந்தையைப் பார்த்திருக்கிறார்கள். தவமணியைப் புதைத்த மறுநாள் காலை, கலயத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். உட்காரவில்லை.

"இத என் வீட்டுல வச்சுப் பாக்க முடியல உபதேசியாரே. கொட்டாயில ஒரு புள்ள கெடக்கு. கொண்டுபோயி குடுங்க."

"நம்ம கூலிய அறுக்க வந்தவங்கம்மா அவங்க. தெருவுல கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"புள்ளயா அறுத்துச்சு?"

நான் சாக்கை எடுத்து விரித்தேன். பிறகு சொன்னார்கள்: "எங்க வீட்டுல சொல்லாதீங்க. அவரு தாங்க மாட்டாரு." அதற்கு வாக்குக் கொடுத்தேன். மற்ற ஆறு வீட்டிலும் கோயில் காரியம் என்று சொல்லி வாங்கிச் சேர்த்தேன். அவர்களும் கேட்காமல் கொடுத்தார்கள். உச்சியில் மற்றவர்கள் வயலில் இருந்தபோது கொட்டகைத் தட்டியை விலக்கிச் சாக்கை ராமாயியிடம் தள்ளிவிட்டு வந்தேன்.

என் தவறு வேறு, அண்ணன். அதை நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். பத்தாம் நாளே நான் ஏழு வீட்டுக்கும் வந்து, கலயத்தை உலையில் கொட்டுங்கள், கர்த்தர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லும் உரிமை எனக்கு மட்டும் இருந்தது. நான் சொல்லியிருந்தால் சாராள் அக்காள் கையை எடுத்திருப்பார்கள். விசுவாசம் தளர்ந்த உபதேசியார் என்று பேர் வந்துவிடுமே என்று பயந்தேன். விசுவாசமாக இருந்தது நீங்கள் ஏழு வீட்டார். நான் பயந்தவன். ஒரு பிள்ளை போன பிறகு ஒரு தாய் வந்து எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

கர்த்தர் நல்லவர் என்று நிறுத்தாமல் எழுதினேன். ஒரு குறையுமில்லாமல் என்று எழுதும்போதுதான் பேனாவை இரண்டு தரம் கீழே வைத்தேன். என் குறையை மறைக்க அவர் பேரை உபயோகித்தேன்.

ராமாயியை அவளுடைய ஆட்கள் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. நான் வந்த பஸ்ஸில்தான் அவளும் வந்தாள். திருக்காட்டுப்பள்ளி அரிசி மில்லில் வேலை வாங்கிக் கொடுத்தேன். அவள் செத்து ஏழு வருஷம் ஆகிறது. மகள் அம்சம் அங்கே பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இட்டிலிக் கடை வைத்திருக்கிறாள். தவமணி இருந்திருந்தால் அவளைவிட ரெண்டு மூன்று வயசு மூத்தவளாக இருப்பாள்.

சாட்சியை ஐயரிடம் இன்னும் கொடுக்கவில்லை. நீங்கள் சொன்னால் கிழித்துவிடுகிறேன்.

ஜெக்கரியா


கூத்தாநல்லூர்
28-3-1989

உபதேசியாருக்கு ஞானாதிக்கம் சொல்வது.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று பாய் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை. வீட்டுக்குப் போய் சாராள் கலயத்தைத் தூக்கி வெளியே எறிந்துவிடலாம் என்று பார்த்தேன். என் பிள்ளைக்கு இல்லை என்று மூடிய கை, கூலியை அறுக்க வந்தவள் பிள்ளைக்கு எப்படித் திறந்தது? பன்னிரண்டு வருஷம் அதற்குப் பிறகு என்னோடு ஒரே பாயில் படுத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் தாங்க மாட்டேனாம். அவள் மட்டும் தாங்கினாள்.

எறியவில்லை. கலயம் நிறைந்திருந்தது. அவள் போன பிறகு நானே பொங்கிக்கொள்கிறேன். உலை கொதித்ததும் கை தானாக அதற்குப் போகிறது. ஏன் என்று நான் யோசித்ததில்லை.

அவள் சாகிற வருஷம் ஒரு நாள் கேட்டேன். "இன்னமும் அவரு நல்லவருன்னுதான் சொல்றியா?"

"பின்ன என்னன்னு சொல்ல? புள்ளய எதுக்கு எடுத்தீருன்னு தெனமும் அவருகிட்டதான் சண்ட போடறேன். கெட்டவன்கிட்ட போயி யாராவது நியாயம் கேப்பாங்களா?"

"பண்ணைகிட்ட கேட்டமே."

"பண்ணைகிட்ட கூலி கேட்டோம். நியாயத்தயா கேட்டோம்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் திருக்காட்டுப்பள்ளிக்குப் போனேன். பார்க்காமல் உங்கள் பேச்சை எப்படி நம்புவது? நாலு பஸ் மாறினேன். பூதலூரில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. ஸ்டேஷன் தெரிந்தது. இறங்கவில்லை.

கடையைக் கண்டுபிடித்துவிட்டேன். வாசலில் நின்றேன்.

"வழிய மறிச்சு நிக்காதீங்க தாத்தா, ஆவி அடிக்குது. உள்ள வந்து உக்காருங்க. எத்தன வைக்க?"

"உன் பேரு அம்சமா?"

"ஆமா. கட்சிக்காரங்களா நீங்க? ஓட்டெல்லாம் தையிலயே போட்டாச்சு."

"இல்ல. உங்கம்மா ராமாயிய எனக்குத் தெரியும். கூத்தாநல்லூர்ப் பக்கம் அறுப்புக்கு வந்தப்ப."

கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். நல்ல உயரம். குரல் கொஞ்சம் கட்டை. "அங்கயா? அம்மா சொல்லும். நான் சாகக் கெடந்தனாம். ஒரு சாக்கு நொய் வந்துச்சாம், அதுல பொழச்சனாம். பண்ணையில குடுத்தாங்களோ என்னமோ."

உபதேசியாரே, எனக்கு அந்த இடத்தில் வந்த ஆத்திரத்தை உங்களுக்குச் சொல்லி முடியாது. அந்தப் பேரும் அவனுக்கே போயிருக்கிறது. எழுந்துவிட்டேன்.

"பண்ணை குடுக்கல. ஒரு சின்னப் புள்ள குடுத்துச்சு."

"எந்தப் புள்ள?"

மறுபடி உட்கார்ந்தேன். இட்டிலித் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, கேட்காமலே இன்னொன்றும் வைத்தாள். "சாப்பிட்டுச் சொல்லுங்க, ஆறிப்போவும்" என்றாள். சாப்பிட்டேன். பசி இருந்தது. அவள் வேறு ஆளுக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள், நான் பேசுவேன் என்று. கடைசியில், "எம் மவ" என்று சொன்னேன். "பேரு தவமணி." அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் என் பக்கத்து பெஞ்சியில் உட்கார்ந்தாள். இட்டிலி கேட்டு ஒருவன் சத்தம் போட்டான். "இருய்யா" என்றாள். பிறகு எழுந்துபோனாள்.

மறுநாள் ஈஸ்டர். கோயிலுக்குப் போனேன். ஐயர் வழக்கம்போலச் சொன்னார். எல்லாரும் ஆமென் என்றார்கள். நான் சொல்லவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள்.

சாட்சியைக் கிழிக்க வேண்டாம். ஒரு குறையுமில்லாமல் என்பதை எடுத்துவிடுங்கள். பல குறைகளுக்கு நடுவிலும் என்பதும் வேண்டாம். கர்த்தர் நல்லவர் என்ற வரி இருக்கட்டும், ஆனால் சாராள் சொன்னதாகப் போடுங்கள். அவள் சொல்ல உரிமை உள்ளவள். என்னைப் பற்றி ஒரு வரி போட வேண்டுமானால், இன்னும் கலயத்தில் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று போடுங்கள், அது உண்மை. உங்கள் பயத்தை எழுதுவதும் விடுவதும் உங்கள் பாடு. எழுதினால் நான் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டேன். தெருவில் நான் சொன்ன சொல் தப்பு. அதைக் கேட்டவர்கள் யாரும் இப்போது இல்லை, யாரிடம் போய்த் திருப்பிச் சொல்ல? உங்களிடம் சொல்கிறேன். கைநாட்டைத் தனித் தாளில் வைத்து அனுப்புகிறேன்.

ஏழு வீட்டார் பேர் கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். கோயிலுக்கு எதிர்வீடு இராஜாங்கம், பெண்சாதி தாயம்மாள். அவன் அடைப்பு முடிந்த வருஷமே போனான், அவள் அவசர நிலை வந்த வருஷம். அடுத்தது வீரையன், குறுவை நடவில் பாம்பு தொட்டு. கிழவி யாகப்பி, சந்திரனில் மனிதன் இறங்கியதைக் கேட்டுச் சிரித்த மறுநாள். மாசிலாமணி குடும்பம், எழுபத்தேழு புயலில் சுவர் விழுந்து நாலு பேரும். செல்லக்கண்ணு, நெய்வேலிக்கு வேலைக்குப் போய் அங்கேயே. கோயில்பிள்ளையாக மணியடித்த தேவசித்தம், போன ஐப்பசியில். ஏழாவது வீடு என் வீடு. சாராள், எண்பத்தொன்று. அதற்கு மேலே தவமணி பேரைப் போடுங்கள். அரிசி போட்டவர்கள் வரிசையில் போடுங்கள், செத்தவர்கள் வரிசையில் அல்ல.

போட்ட கையில் மிச்சம் நான், தூக்கிப்போன தலையில் மிச்சம் நீங்கள். நாம் ரெண்டு பேரும் அடுத்த மழைக்கு இருப்போமோ என்னவோ. நம்மைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்த நாற்பத்தொரு நாளிலிருந்து மலரில் உயிரோடு இருப்பதாக ஒரு பேர் போடுங்கள். திருக்காட்டுப்பள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, அம்சம்.